விசுவாசப் பிரமாணமும் பேரரசரின் ஆணையும்: தொடக்க வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

கிறிஸ்தவ வரலாறு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் தவறாமல் வந்து விழும். 325-ஆம் ஆண்டு நிசேயாவில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார், பைபிளில் எந்தெந்த நூல்கள் இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே முடிவுசெய்தார் என்பது முதல் கூற்று. கோட்பாடு முழுவதும் இறையியலாளர்களின் வேலை, அரசியலுக்கு அதில் பங்கே இல்லை என்பது அடுத்தது. முதலாவதைத் திருச்சபையின் விமர்சகர்கள் விரும்பிச் சொல்கிறார்கள், இரண்டாவதை அதன் பற்றாளர்கள். வரலாற்று ஆவணங்களோடு இரண்டுமே ஒட்டுவதில்லை.

அரசு அதிகாரம் ஒரு கோட்பாட்டைப் புதிதாக இயற்றியது அரிது. ஏற்கெனவே ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த கொள்கைகளில் ஒன்றைத் தேர்ந்து, அதற்குக் கட்டடத்தையும் பதவியையும் சட்டப் பாதுகாப்பையும் கொடுப்பதே அது வழக்கமாகச் செய்த வேலை. திருச்சபையையும் அரசையும் பிரித்துவைப்பது என்றால், தேர்ந்தெடுக்கும் இந்த உரிமையை அரசின் கையிலிருந்து எடுத்துவிடுவது. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிதாக விளங்கிவிடும்.

கோட்பாடு என்று இங்கே சொல்வது, ஒரு திருச்சபை தன் உறுப்பினர்கள் நம்ப வேண்டியது என்று முறையாக அறிவித்த போதனையை. அதன் சாரத்தைச் சில வரிகளில் அடக்கி, வழிபாட்டில் எல்லோரும் சேர்ந்து சொல்வதற்காக வகுத்த வாசகம் விசுவாசப் பிரமாணம். ஏற்கப்பட்ட கோட்பாட்டுக்கு முரணானது என்று திருச்சபை ஒதுக்கிய கொள்கைக்குத் தப்பறை என்று பெயர்.

லை, னை: நமக்குத் தெரிந்த ஓர் ஒப்புமை

பழைய அச்சுப் புத்தகத்தைத் திறந்தால் லை, னை போன்ற எழுத்துகள் யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்போடு நிற்கும். இன்று அப்படி எழுதுவோர் அரிது. பெரியார் 1935-இலிருந்தே தம் இதழில் சீர்திருத்திய எழுத்துகளைப் பயன்படுத்தி வந்தார். தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது 1978-இல். அரசு எந்த எழுத்தையும் கண்டுபிடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சாராரிடம் புழங்கிய வடிவத்தை எடுத்துப் பாடநூலில் அச்சிட்டது, அவ்வளவுதான். ஒரு தலைமுறைக்குள் அதுவே "சரியான" தமிழாகி, மற்றது "பழைய" தமிழாயிற்று.

இந்தக் கதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'ஐ' என்பதற்குப் பதிலாக 'அய்' என்று எழுதலாம் என்ற பெரியாரின் யோசனையை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் 'அய்யா' என்று எழுதுவது பொது வழக்காகாமல், பெரும்பாலும் ஓர் இயக்கத்தின் அடையாளமாகவே நின்றுவிட்டது. பாடநூல் யார் கையில் இருக்கிறதோ, எது பொதுவழக்கு, எது தனிவழக்கு என்பதைப் பெருமளவுக்கு அவர்களே முடிவுசெய்கிறார்கள். கிறிஸ்தவக் கோட்பாட்டின் வரலாற்றிலும் நடந்தது இதற்கு நெருக்கமான ஒன்றுதான். ஒரு பெரிய வேறுபாடு உண்டு: பழைய லை போட்டவர்களை யாரும் நாடு கடத்தவில்லை.

நிசேயாவில் நடந்தது

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்ற குருவுக்கும் அவருடைய ஆயர் (பிஷப்) அலெக்சாண்டருக்கும் தகராறு மூண்டது. (ஆரியர் என்ற இனப்பெயருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.) தந்தையாகிய கடவுள் ஒருவரே தொடக்கமற்றவர், மகன் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக என்றாலும் உண்டாக்கப்பட்டவரே என்றார் ஆரியுஸ். மகனும் தந்தையைப் போலவே என்றென்றும் இருப்பவர் என்றது ஆயர் தரப்பு. கவனியுங்கள்: இயேசு வணக்கத்துக்குரியவர் என்பதில் இரு தரப்பும் ஒன்றே. எந்த வகையில், எந்த அளவுக்கு என்பதில்தான் பிளவு. ஆகவே இயேசுவைக் கடவுளாக்கியது நிசேயா என்ற பேச்சு தொடக்கத்திலேயே தவறிவிடுகிறது.

313-இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் தந்து, 324-இல் பேரரசு முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்திருந்த கான்ஸ்டன்டைன், இந்தச் சண்டையைக் கேள்விப்பட்டதும் இரு தரப்புக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். இவ்வளவு அற்பமான விஷயத்துக்காகவா அடித்துக்கொள்கிறீர்கள் என்பதே அதன் தொனி. அவருடைய கவலை இறையியல் அல்ல, ஒற்றுமை. கடிதத்துக்குப் பலன் இல்லாமற்போகவே, இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்று வழங்கும் நிசேயாவுக்கு ஆயர்களை வரவழைத்தார். பல மாநிலங்களின் ஆயர்கள் கூடிக் கோட்பாட்டை முடிவுசெய்யும் இத்தகைய கூட்டத்துக்குப் பொதுச்சங்கம் என்று பெயர். 318 பேர் வந்தார்கள் என்பது மரபு. ஏறத்தாழ 250 முதல் 300 வரை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அங்கே பிரமாணத்தில் நுழைந்த ஒரு கிரேக்கச் சொல்தான் எல்லாவற்றுக்கும் மையம்: ஹோமோஊசியோஸ், அதாவது ஒரே சாரம் உடையவர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயிலில் இந்தப் பிரமாணத்தைச் சொல்பவர்கள் "உண்டாக்கப்பட்டவர் அல்ல, தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று சொல்லும்போது, ஆரியுசை விலக்கிவைப்பதற்காகவே எழுதப்பட்ட அந்தச் சொற்களைத்தான் உச்சரிக்கிறார்கள். சங்கத்தில் இருந்த செசரியா ஆயர் எவுசேபியுஸ், தம் ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சொல்லைச் சேர்க்கும்படி சொன்னவர் பேரரசரே என்கிறார். கையொப்பமிட நேர்ந்ததற்குச் சற்றுச் சங்கடத்தோடு விளக்கம் சொல்லும் ஒருவரின் கடிதம் அது என்பதையும் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இறுதிவரை கையொப்பமிட மறுத்த இரண்டு ஆயர்கள் ஆரியுசுடன் நாடு கடத்தப்பட்டனர்.

பைபிள் நூல்களின் பட்டியலுக்கு வருவோம். நிசேயாவில் அது முடிவுசெய்யப்படவே இல்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் அப்படியே கொண்ட முதல் பட்டியல் நமக்குக் கிடைப்பது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய பாஸ்கா (ஈஸ்டர்) மடலில்தான்.

சுருங்கச் சொன்னால், வாதம் ஆயர்களுடையது, சொற்களும் அவர்கள் மத்தியில் இருந்தவையே. கூட்டத்தைக் கூட்டியதும், ஒரே ஒரு விடையோடு முடிய வேண்டும் என்று வலியுறுத்தியதும், மறுத்தவருக்குத் தண்டனை தந்ததும் அரசு.

ஆணை மாறியது, "சரியான" கோட்பாடும் மாறியது

நிசேயாவோடு கதை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களே அதிகம். உண்மையில் சுவையான பகுதி அதற்குப் பிறகுதான். சில ஆண்டுகளிலேயே கான்ஸ்டன்டைன் மனம் மாறி ஆரியுசைத் திரும்ப அழைத்தார். நிசேயாவின் பெரும் காவலரான அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுசை 335-இல் அவரே ஜெர்மானிய எல்லைப்புறத்து ட்ரியர் நகருக்கு அனுப்பிவைத்தார். 337-இல் மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்குத் திருமுழுக்குக் கொடுத்த நிக்கொமேதியா ஆயர், ஆரியுசின் பழைய ஆதரவாளர்.

அடுத்துவந்த மகன் கான்ஸ்தான்சியுஸ், சாரம் என்ற சொல்லே வேண்டாம், மகன் தந்தையைப் "போன்றவர்" என்று சொன்னால் போதும் என்ற நடுவழிக்காரர்களை ஆதரித்தார். 359-இல் மேற்கே ரிமினியிலும் கிழக்கே செலூக்கியாவிலும் கூட்டப்பட்ட ஆயர்களை அந்த வாசகத்தில் கையொப்பமிட வைத்தது அவருடைய அரசு. உலகம் முழுவதும் ஒருநாள் முனகி, தான் ஆரியுஸ் கட்சியாகிவிட்டதைக் கண்டு வியந்தது என்று இதைப் பற்றிப் பின்னால் எழுதினார் புனித ஜெரோம். அக்காலத்து வரலாற்றாசிரியர் அம்மியானுசின் குறை வேறு வகையானது: ஆயர்கள் கூட்டம் கூட்டமாக அரசு அஞ்சல் வண்டிகளில் ஏறிச் சங்கத்துக்குச் சங்கம் ஓடியதில் அந்த அஞ்சல் சேவையே நொடிந்துபோனதாம். கோட்பாட்டை உருவாக்குவதில் அரசின் பங்கு என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த வண்டிகளைத்தான். எந்தக் கூட்டத்துக்கு வண்டி கிடைக்கிறதோ, அந்தக் கூட்டம்தான் நடக்கிறது.

அத்தனாசியுஸ் நான்கு பேரரசர்களால் மொத்தம் ஐந்து முறை பதவி இழந்து வெளியேறினார். கடைசியில் நிசேயாக் கட்சியைச் சேர்ந்த தியோடோசியுஸ் அரியணை ஏறி, 380 பிப்ரவரி 27-இல் தெசலோனிக்காவிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். ரோம், அலெக்சாந்திரியா ஆயர்களின் நம்பிக்கையே இனிக் குடிமக்களின் நம்பிக்கை. மற்றவர்களின் கூடுகைகளுக்குக் கோயில் என்ற பெயர்கூடக் கிடையாது. அந்த ஆண்டின் இறுதியில் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள் வந்து சேர்ந்ததும், நிசேயாவை ஏற்க மறுத்த ஆயர் தெமோஃபிலுசை அங்கிருந்த கோயில்களிலிருந்து வெளியேற்றினார். 381-இல் கூடிய பொதுச்சங்கம் நிசேயா நம்பிக்கையை உறுதிசெய்தது. நாள்களின் வரிசையைப் பாருங்கள்: ஆணை முதலில், சங்கம் பிறகு.

இதற்குச் சோதனைச்சாலைச் சான்று போன்ற ஒன்றும் உண்டு. பேரரசுக்கு வெளியே இருந்த கோத்தியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் உல்ஃபிலா என்ற ஆயர் வழியாக நிசேயாவுக்கு மாறான கிறிஸ்தவத்தைப் பெற்றிருந்தார்கள். தியோடோசியுசின் ஆணை எட்டாத அவர்களுடைய அரசுகளில் அந்தக் கொள்கை மேலும் இரண்டு நூற்றாண்டுகள் மன்னர்களின் நம்பிக்கையாகவே வாழ்ந்தது. ஸ்பெயினை ஆண்ட மேற்குக் கோத்திய மன்னர் ரெக்காரெது 587-இல் நிசேயா நம்பிக்கைக்கு மாறினார், 589-இல் தொலேதோ சங்கம் அதை நாட்டின் நம்பிக்கையாக அறிவித்தது. அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி.

அப்படியானால் நிசேயாக் கோட்பாடு வெறும் அரசியல் வெற்றிதானா? அந்த முடிவுக்கு நான் வரமாட்டேன். அரை நூற்றாண்டாக அரசின் எதிர்ப்பைத் தாங்கிய கட்சிக்குத் துறவிகள், எகிப்தின் சாதாரண மக்கள், கப்பதோக்கியாவின் சிறந்த இறையியலாளர்கள் என்று சொந்த வேர்கள் இருந்தன. வேர் இல்லாத ஒன்றை ஆணை மட்டும் காப்பாற்றாது. கான்ஸ்தான்சியுஸ் திணித்த நடுவழி அவர் இறந்ததும் மேற்கில் தளர்ந்தது. தவிர, செல்வாக்கு ஒரே திசையிலும் ஓடவில்லை. தெசலோனிக்காவில் தியோடோசியுசின் படை மக்களைக் கொன்று குவித்தபின், 390-இல் மிலான் ஆயர் அம்புரோசு அவரைப் பாவப்பொறுத்தல் கேட்க வைத்தார்.

இங்கிலாந்து: ஓர் அப்பத்துண்டும் இரண்டு வாக்கியங்களும்

ஒரு நாட்டின் சட்டமே ஒரு திருச்சபையை நாட்டின் திருச்சபையாக ஏற்று நடத்துமானால் அது அரசுத் திருச்சபை. 1534-இல் எட்டாம் ஹென்றி போப்பின் அதிகாரத்தை நீக்கி, தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். அதனால் அவர் புராட்டஸ்டன்ட் ஆகிவிட்டார் என்று எண்ணுவது இன்னொரு பரவலான தவறு. திருவிருந்தில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்ற பழைய போதனையை மறுப்பவருக்கு 1539-இல் மரண தண்டனை விதித்ததும் அவருடைய அரசே. 1540 ஜூலை 30-இல் லண்டனில் ஒரே நாளில் மூன்று புராட்டஸ்டன்டுகள் தப்பறைக்காக எரிக்கப்பட்டனர். போப்பின் பக்கம் நின்ற மூன்று கத்தோலிக்கர் துரோகிகளாகத் தூக்கிலிடப்பட்டனர்.

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்ததைக் காண, திருவிருந்தில் அப்பத்தைக் கையில் கொடுக்கும்போது குரு சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் வந்த 1549-ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில் அது ஏறக்குறைய இப்படி இருந்தது: "உனக்காகக் கொடுக்கப்பட்ட நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் சரீரம் உன் சரீரத்தையும் ஆத்துமாவையும் நித்திய ஜீவனுக்கென்று காப்பதாக." கையில் இருப்பது சரீரமே என்று ஒரு கத்தோலிக்கரும் இதைக் கேட்டுக்கொள்ளலாம். மூன்றே ஆண்டுகளில், தீவிரச் சீர்திருத்தக்காரர்கள் அரசவையில் ஓங்கியபின், 1552 பதிப்பில் அந்த வாக்கியம் மறைந்தது. "கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைவுகூர்ந்து இதை எடுத்துப் புசி, விசுவாசத்தோடு உன் இருதயத்தில் அவரை உண்பாயாக" என்பது அதன் இடத்தில் வந்தது. சரீரம் என்ற சொல்லே இல்லை, நினைவுகூர்தல் மட்டும். 1553-இல் அரசியான மேரி புத்தகத்தையே நீக்கி லத்தீன் பூசையை மீட்டார்; அவர் காலத்தில் ஏறத்தாழ 280 புராட்டஸ்டன்டுகள் எரிக்கப்பட்டனர்.

1559-இல் எலிசபெத் என்ன செய்தார்? இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டார். முதல் பாதியைக் கேட்டு ஒருவர் நிறைவடையலாம், இரண்டாம் பாதியைக் கேட்டு இன்னொருவர். ஒட்டவைத்த கோந்து தெரிகிற இடம் இது. வந்திருந்த ஆயர்கள் அனைவரும் எதிர்த்து வாக்களித்தும், அந்தப் புத்தகத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் பிரபுக்கள் சபையில் மூன்று வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. இரட்டை வாக்கியம் 1662 பதிப்பிலும் அப்படியே நின்றது. உள்நாட்டு அமைதிக்காக லண்டனில் ஓர் அரசி செய்துகொண்ட சமரசம், அந்தப் புத்தகத்தின் தமிழாக்கம் வழியாகத் திருநெல்வேலிச் சீமையில் இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபைகள்வரை வந்து சேர்ந்தது.

இது பழங்கதையும் அல்ல. அந்த ஜெபப் புத்தகத்தைத் திருத்த இங்கிலாந்துத் திருச்சபை 1927-இலும் 1928-இலும் முயன்றபோது, நாடாளுமன்றத்தின் மக்களவை இருமுறையும் அதை நிராகரித்தது. வாக்களித்தவர்களில் அந்தத் திருச்சபையின் உறுப்பினரே அல்லாதவர்களும் இருந்தனர்.

இதுவரை கண்டதைத் தொகுத்தால் அரசின் கருவிகள் மூன்று: யாருக்குப் பதவி, யாருக்குக் கட்டடம், யாருக்குத் தண்டனை. நான்காவதாக, எலிசபெத் காட்டியதுபோல, இரு பொருள்பட நிற்கும் வாசகம்.

பிரித்துவைத்தல்: கேட்டவர்கள் யார்?

மதச்சார்பற்ற அரசு என்பது கடவுள் மறுப்பாளர்கள் திருச்சபைமேல் திணித்தது என்று பலர் நம்புகிறார்கள். பிரான்சின் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் நினைப்பவருக்கு அப்படித் தோன்றலாம். அங்கே குருத்துவ எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. அமெரிக்காவின் கதை வேறு. மாசசூசெட்ஸ் குடியேற்றம் துரத்திவிட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636-இல் பிராவிடென்ஸ் என்ற ஊரை நிறுவினார். திருச்சபை ஒரு தோட்டம், உலகம் அதைச் சூழ்ந்த காடு, நடுவே வேலி வேண்டும் என்பது அவர் எழுதிய உவமை. வேலி எதற்கு? காட்டைக் காப்பதற்கு அல்ல, தோட்டத்தைக் காப்பதற்கு. அவர் கண்டிப்பான விசுவாசி. கட்டாயத்தின்பேரில் செய்யும் வழிபாடு கடவுளுக்கு அருவருப்பு என்று கருதியவர்.

வர்ஜீனியாவில் உரிமம் இல்லாமல் பிரசங்கித்ததற்காக, அரசுத் திருச்சபையைச் சேராத பாப்டிஸ்ட் போதகர்கள் 1760-களிலும் 70-களிலும் சிறையில் அடைக்கப்பட்டனர். ஜேம்ஸ் மேடிசன், தாமஸ் ஜெஃபர்சன் ஆகியோர் முன்னெடுத்த 1786-ஆம் ஆண்டு வர்ஜீனியா மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியதில் இந்தப் பாப்டிஸ்டுகளின் மனுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1791-இல் வந்த அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம், மதத்தை நிறுவும் சட்டமோ, அதைச் சுதந்திரமாகப் பின்பற்றுவதைத் தடுக்கும் சட்டமோ காங்கிரஸ் இயற்றலாகாது என்றது. ஆனால் அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. கனெக்டிகட்டில் பாப்டிஸ்டுகள் அரசுத் திருச்சபைக்கான வரியிலிருந்து விலக்குப் பெற, தாம் வேறு சபையினர் என்று சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அம்மாநிலத்து டான்பரி ஊரின் பாப்டிஸ்டுகள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு முறையிட்டு எழுத, அவர் 1802 ஜனவரி 1-இல் அனுப்பிய பதிலில்தான் "திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே பிரிவினைச் சுவர்" என்ற புகழ்பெற்ற தொடர் வருகிறது. கனெக்டிகட்டில் அரசுத் திருச்சபை 1818 வரையிலும், மாசசூசெட்ஸில் 1833 வரையிலும் நீடித்தது.

பிரித்துவைத்தல் என்றால் விசுவாசிகள் அரசியலுக்கு வரக்கூடாது என்று பொருள் அல்ல. மார்ட்டின் லூதர் கிங் பாப்டிஸ்ட் போதகராக இருந்துகொண்டேதான் நிறவெறிச் சட்டங்களை எதிர்த்தார். சுவர் நிற்பது இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே. மனிதரின் மனச்சாட்சிக்கும் அவருடைய வாக்குச்சீட்டுக்கும் நடுவே அல்ல.

பிரித்துவைத்தலும் ஒரு கோட்பாடாயிற்று

இங்கே வேடிக்கையான ஒரு திருப்பம் உண்டு. 1646-இல் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தப்பறைகளை ஒடுக்குவது அரசு அதிகாரியின் கடமை என்று போதித்தது. அதையே தம் அறிக்கையாகக் கொண்டிருந்த அமெரிக்க பிரெஸ்பிடேரியன் சபையினர், புதிய குடியரசு பிறந்த சூட்டோடு, 1788-இல் அந்தப் பகுதியை மாற்றி எழுதினார்கள். அரசு எல்லாச் சபைகளையும் சமமாகக் காக்க வேண்டும் என்பதே இப்போது விசுவாசப் போதனை. கத்தோலிக்கத் திருச்சபை 1864-இல் வெளியிட்ட தவறுகளின் பட்டியலில், திருச்சபையும் அரசும் பிரிந்திருக்க வேண்டும் என்ற கருத்தும் ஒன்று. 1965 டிசம்பர் 7-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒவ்வொரு மனிதருக்கும் மதச் சுதந்திர உரிமை உண்டு என்று அறிவித்தது. அந்த ஏட்டை வடிவமைப்பதில் முக்கியப் பங்காற்றிய ஜான் கோர்ட்னி மரே ஓர் அமெரிக்க இயேசு சபைக் குரு. அமெரிக்க அரசமைப்பின் கீழ் வாழ்ந்த அனுபவம் இல்லாமல் அந்தச் சிந்தனை பிறந்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே, கோட்பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அரசு விலகுவதும் கோட்பாட்டின்மேல் தடம் பதிக்கிறது.

யாரும் உத்தரவிடாத ஒரு சங்கம்

நம் ஊரோடு உண்மையான தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருச்சபை நீண்ட காலம் சட்டப்படி இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரு பகுதி. 1927-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய இந்தியத் திருச்சபைச் சட்டத்தின்படி, 1930-இல் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அதன்பின் தன் போதனையையும் அமைப்பையும் தானே தீர்மானிக்க அதற்கு வழி பிறந்தது.

1919-இல் தரங்கம்பாடியில் ஆயர் அசரியாவும் தென்னிந்தியப் போதகர்கள் சிலரும் கூடி, ஒரே திருச்சபையாக இணைவோம் என்று அறைகூவல் விடுத்திருந்தார்கள். சிக்கல் ஒரு கோட்பாட்டுக் கேள்வியில் இருந்தது: ஆயரின் கைவைப்பால் அருட்பொழிவு (குருப்பட்டம்) பெறாத மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் போதகர்களை ஆங்கிலிக்கன்கள் முழுமையான ஊழியர்களாக ஏற்பதா? நிசேயாவில் சில வாரங்களில் கையொப்பங்கள் விழுந்தன. இங்கே பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. வரைவுக்குமேல் வரைவு, கடிதத்துக்குமேல் கடிதம். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பழைய போதகர்களை மீண்டும் அருட்பொழிவு இல்லாமலே ஏற்பது, இனி வருபவர்களுக்கு ஆயரே கைவைப்பது என்ற ஏற்பாடு உறுதியாயிற்று. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஒரு சாரார் இதை ஒப்பாமல் வெளியே நின்றார்கள். அவர்களை யாரும் ட்ரியருக்கு அனுப்பவில்லை. தங்கள் கோயில்களில் தங்கள் ஜெபப் புத்தகத்தின்படியே ஆராதித்து வந்தார்கள்.